காற்று எந்தப் பக்கம்? மால்டா தீவில் படகேறிய முப்பதாவது திருமண நாள்

சித்தியவானைச் சேர்ந்த அந்தத் தம்பதியருக்குச் செப்டம்பர் தொடக்கத்தில் முப்பதாவது திருமண நாள். கணவர் செம்பனை ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். வழக்கமாகக் காலையில் கோவிலில் ஓர் அர்ச்சனை, மதியம் வீட்டில் கோழிக்கறி என்று அந்த நாள் முடிந்துவிடும். இந்த முறை பிள்ளைகள் மூவரும் பணம் போட்டு, மத்தியத்தரைக் கடலில் இருக்கும் மால்டா தீவுக்கு ஆறு நாள் பயணம் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். திருமண நாளன்று காலை கொமினோ என்ற குட்டித் தீவுக்குப் படகு. பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.

அன்று காலை எட்டு மணிக்கு ஸ்லீமா படகுத்துறையில் போய் நின்றபோது, இன்று படகு போகாது என்றார்கள். வானம் பளிச்சென்று இருந்தது. மழைக்கான அறிகுறியே இல்லை. துறைக்குள் தண்ணீர் குளம் போலக் கிடந்தது. கணவருக்குக் கோபம் வந்தது. மனைவிக்கு உள்ளுக்குள் நிம்மதி. அவருக்கு நீச்சல் தெரியாது. இளவயதில் ஒருமுறை பங்கோர் படகு ஆடிய ஆட்டத்தில் பயந்தவர், அதற்குப் பிறகு சிறிய படகு எதிலும் ஏறியதே இல்லை.

படகுக்காரர் சொன்ன காரணம் ஒரே சொல்தான்: மஜ்ஜிஸ்த்ரால். வடமேற்கிலிருந்து வீசும் காற்று.

மால்டாவுக்குப் போக நினைக்கும் நம் வட்டாரத் தம்பதியர் ஹோட்டல், விமானம், சாப்பாடு என எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கே படகுப் பயணம் நடப்பதும் நடக்காததும் அதைப் பொறுத்துத்தான்.

பினாங்கு அளவிலான ஒரு நாடு

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மால்டா. மால்டா, கோசோ, கொமினோ ஆகிய மூன்று தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். எல்லாம் சேர்த்து 316 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவைவிடச் சற்றுத்தான் பெரியது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து 1964 செப்டம்பர் 21ஆம் தேதி விடுதலை பெற்ற நாடு. அதனால் நமக்கு அங்கே பல விஷயங்கள் பழகியவையாகவே இருக்கும். வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. ஆங்கிலம் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. மின்செருகிகூட நம் வீட்டில் இருக்கும் அதே மூன்று முனைச் செருகிதான்.

கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல் அல்லது துபாய் வழியாகப் போகலாம். மால்டா ஷெங்கன் வட்டாரத்தில் இருப்பதால் மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலேயே 180 நாள்களில் 90 நாள்வரை தங்கலாம். நுழைவு விதிகளில் புதிய நடைமுறைகள் வந்துகொண்டிருப்பதால் பயணத்துக்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

துறைக்குள் அமைதி, வெளியே அலை

ஸ்லீமாவில் தண்ணீர் அசையாமல் கிடந்தும் ஏன் படகு போகவில்லை? அந்தத் துறை நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் ஒரு குடா. சுற்றிலும் உயர்ந்த கரை. கொமினோ இருப்பதோ மால்டாவுக்கும் கோசோவுக்கும் நடுவில், திறந்த கால்வாயில். வடமேற்குக் காற்று அங்கே தடையில்லாமல் வந்து அடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. காற்று எவ்வளவு நீண்ட நீர்ப்பரப்பின் மேல் ஓடி வருகிறதோ, அவ்வளவு பெரிதாக அலை எழும்பும். மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் நம் கரை, மறுபக்கம் சுமத்ரா. அலை பெருகி எழ இடம் குறைவு. அதிலும் லுமுட்டிலிருந்து பங்கோருக்கு சில கிலோமீட்டர்தான். மால்டாவுக்கு வடமேற்கில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெறும் கடல். அங்கே எங்கோ எழுந்த அலை, காற்று தணிந்த மறுநாளும் வந்து மோதிக்கொண்டிருக்கும். வெயிலை மட்டும் பார்த்து நாள் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அது அங்கே செல்லாது.

தமிழில் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் இருப்பதுபோல மால்டா மீனவர்களிடமும் இருக்கிறது. வடமேற்கிலிருந்து வருவது மஜ்ஜிஸ்த்ரால். ஆண்டில் அதிக நாள் வீசுவதும் இதுதான். வடகிழக்கிலிருந்து வருவது கிரிகால். தென்கிழக்கிலிருந்து, ஆப்பிரிக்கக் கரையின் வெக்கையைச் சுமந்து வருவது ஷ்லொக். தீவின் தென்கிழக்கில் இருக்கும் மீனவ ஊரின் பெயர் மார்சஷ்லொக். 'மார்சா' என்றால் துறை, 'ஷ்லொக்' அந்தக் காற்று. எந்தக் காற்றுக்கு முகம் காட்டும் துறை என்று ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் கணக்கு சுலபமானது. தீவு சிறியது. எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். வடமேற்குக் காற்று என்றால் கிராண்ட் ஹார்பரும் மார்சஷ்லொக்கும் அநேகமாக அமைதியாக இருக்கும். ஷ்லொக் வீசினால் தெற்குப் பக்கத்தை விட்டுவிட்டு வடக்கே போகலாம். கிரிகால் வீசும் நாளில் தலைநகர் வலெட்டா பக்கம் படகேறும் எண்ணத்தையே கைவிட வேண்டியதுதான். அந்தத் துறைமுகத்தின் வாய் வடகிழக்கு நோக்கித் திறந்திருக்கிறது. அந்தப் பக்க அலையைத் தடுக்கவே பிரிட்டிஷார் அங்கே அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். 1903ஆம் ஆண்டு மன்னர் ஏழாம் எட்வர்ட் நேரில் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார்.

இரண்டு யூரோ படகு

பணம் திரும்பக் கிடைக்காது, ஆனால் இரண்டு நாள் கழித்து வேறு படகில் இடம் தருகிறோம் என்றார்கள். சீட்டு வாங்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, பெரிய படகுப் பயணத்தைக் கடைசி நாளில் வைக்கக் கூடாது. முதல் நாளிலேயே வைத்தால் ரத்தானாலும் பின்னால் நாள் இருக்கும். திருமண நாளும் கடல் அமைதியாக இருக்கும் நாளும் ஒன்றாக அமைவது அதிர்ஷ்டம்தான். அதைத் திட்டமாக எண்ணிவிடக் கூடாது.

அந்தத் தம்பதியர் படகுக்காரர் சொன்ன யோசனையின்படி வலெட்டாவுக்குப் போனார்கள். 1566இல் கட்டத் தொடங்கிய கோட்டை நகரம் அது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஒட்டோமான் படை ஏறத்தாழ நான்கு மாதம் இந்தத் துறைமுகத்தை முற்றுகையிட்டுத் தோற்றுப் போயிருந்தது. மேலே பர்ராக்கா பூங்காவில் தினமும் நண்பகலில் பீரங்கி வெடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, மின்தூக்கியில் கீழே இறங்கினால் தண்ணீர் ஓரம்.

அங்கே தைசா என்ற சிறிய மரப்படகுகள் நிற்கும். முன்னும் பின்னும் நிமிர்ந்த மூக்கு, பளிச்சென்ற வண்ணம். பார்ப்பதற்கு வெனிஸ் படகும் நம் சம்பானும் கலந்தது போல இருக்கும். முன்பு துடுப்பு போட்டார்கள். இப்போது பெரும்பாலும் சின்ன மோட்டார். வலெட்டாவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பிர்குவுக்கு இரண்டு யூரோ அளவில் கட்டணம். சில நிமிடப் பயணம்தான். ஆனால் மால்டாவின் வரலாற்றில் பாதி அந்தச் சில நிமிடத்துக்குள் வந்துவிடும்.

"ஏங்க, இது பங்கோர் படகைவிடச் சின்னதா இருக்கே" என்றார் மனைவி. கணவர் பதில் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினார். இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பாதி வழியில் ஒரு கையை எடுத்துக் கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கினார். இரு பக்கமும் மஞ்சள் சுண்ணாம்புக் கல் கோட்டைகள் உயர்ந்து நிற்க, அந்தத் துறைமுகத்தில் காற்றே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இதே தண்ணீரில்தான் குண்டுமழை பொழிந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. சரியாக இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 15ஆம் தேதி, விடாமல் தாக்குப்பிடித்த மால்டா மக்கள் அனைவருக்குமாக மன்னர் ஆறாம் ஜார்ஜ் 'ஜார்ஜ் கிராஸ்' விருதை அளித்தார். அந்தச் சிலுவைச் சின்னம் இன்றும் மால்டா கொடியில் இருக்கிறது. தீவில் சாப்பாடும் எண்ணெயும் தீர்ந்து, சரணடைய வேண்டிய நிலை வரும் நேரத்தில், பாதி மூழ்கிய நிலையில் 'ஒஹாயோ' என்ற எண்ணெய்க் கப்பலை அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்து சேர்த்தார்கள். ஜப்பான் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றாது.

மாலையில் பேருந்து பிடித்து மார்சஷ்லொக் போனார்கள். அங்கே நிற்கும் மீன்பிடிப் படகுகளுக்கு லுட்சு என்று பெயர். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக வண்ணம். மூக்கின் இரு பக்கமும் இரண்டு கண்கள் செதுக்கியோ வரைந்தோ இருக்கும். கடலில் கெட்டது அண்டாமல் காக்கும் கண்கள் என்பது நம்பிக்கை. பினீசியர் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று சொல்கிறார்கள். புது வண்டி வாங்கியதும் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

சாப்பாட்டுக்குப் பெரிய கவலை வேண்டாம். பஸ்தித்சி என்ற மொறுமொறுப்பான பலகாரம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். பாலாடைக்கட்டி வைத்தது ஒன்று, பட்டாணி வைத்தது ஒன்று. பட்டாணி பஸ்தித்சி கறிபாப்பின் ஒன்றுவிட்ட தம்பி. சுத்த சைவம் சாப்பிடுவோர், மாவில் விலங்குக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

பள்ளிக்கூடத்து மலாய் கை கொடுத்தது

பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையை ஆசிரியர் பழக்கத்தில் அந்த அம்மா வரி விடாமல் படித்தார். மால்டா மொழியில் கிழமைகளின் பெயர்கள். இல்-ஹத், இத்-த்நெய்ன், இத்-த்லீதா, லெர்பா, இல்-ஹமீஸ், இல்-ஜிம்மா, இஸ்-ஸிப்த். மெல்ல வாய்விட்டுப் படித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஹாட், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ், ஜுமாட், சப்து.

காரணம் எளிது. இரண்டும் அரபு மொழியிலிருந்து வந்தவை. மலாய்க்கு வணிகமும் சமயமும் வழியாக வந்தது. மால்டா மொழியோ, ஒரு காலத்தில் சிசிலியில் பேசிய அரபு வழக்கிலிருந்தே பிறந்தது. பிறகு இத்தாலியச் சொற்கள் ஏராளமாகச் சேர்ந்தன. எழுதுவது ரோமன் எழுத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரத்துவ மொழிகளில் அரபு இனத்தைச் சேர்ந்த ஒரே மொழி இதுதான். உலகத்துக்கு அங்கே 'தின்யா', இங்கே 'டுனியா'. நூலுக்கு அங்கே 'க்தீப்', இங்கே 'கித்தாப்'. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆனால் தேவாலயத்தில் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கிறார்கள்.

அதன் பிறகு அந்த அம்மா ஒரு பெயர்ப்பலகையையும் விட்டு வைக்கவில்லை.

சீரகத் தீவு

இரண்டு நாள் கழித்துக் காற்று விழுந்தது. கொமினோ படகு புறப்பட்டது.

கொமினோவை உள்ளூரில் கெம்முனா என்பார்கள். சீரகம் என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே சீரகம் விளைந்ததாம். இப்போது மரம்கூட அரிது. மூன்றரை சதுர கிலோமீட்டர் பாறை, 1618இல் கட்டிய ஒரு காவல் கோபுரம், நிலையாகக் குடியிருப்போர் விரல் விட்டு எண்ணும் அளவு. ஆனால் கரையோரம் புளூ லகூன் என்ற ஆழமில்லாத நீர்ப்பரப்பு இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டமும்.

அந்த நீல நிறம் எப்படி வருகிறது? அடியில் வெள்ளை மணலும் சுண்ணாம்புப் பாறையும். மேலே கண்ணாடி போன்ற தண்ணீர். சூரிய ஒளி அடிவரை போய்த் திரும்பி வரும்போது நீலமும் பச்சையும் மட்டும் மிஞ்சுகிறது. நம் பக்கம் பேராறு, கிள்ளான் ஆறு எல்லாம் சேற்றைக் கொண்டு வந்து கடலில் கொட்டுகின்றன. அந்தச் சேற்றில்தான் அலையாத்திக் காடு, நண்டு, இறால் எல்லாம். மால்டாவில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. கலங்க வைக்கச் சேறும் இல்லை, நுண்ணுயிர் பெருகச் சத்தும் குறைவு. அழகான அந்த நீலம் உண்மையில் ஒரு வறுமையின் நிறம். மீன் வளத்தில் நம் கலங்கிய கடல்தான் பணக்காரக் கடல்.

மத்தியத்தரைக் கடலில் ஆவியாகிப் போகும் தண்ணீர் அதிகம், ஆறுகள் கொண்டு வருவது குறைவு. அதனால் உப்பு கூடுதல். லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம். பெருங்கடல்களில் சராசரி 35. உடல் சற்றுச் சுலபமாக மிதக்கும். நீச்சல் தெரியாதவர் அதை நம்பி ஆழத்துக்குப் போய்விடக் கூடாது என்பது வேறு விஷயம். கடலேற்றமும் வற்றும் அங்கே ஒரு சாண், இரண்டு சாண் அளவுதான். கிள்ளான் துறைமுகத்தில் நான்கு மீட்டரைத் தாண்டும் நாள்கள் உண்டு. ஆகவே காலையில் இடுப்பளவு இருந்த இடம் மாலையிலும் இடுப்பளவுதான். அந்த அம்மாவுக்கு இந்தத் தகவல்தான் தைரியம் கொடுத்தது. உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, கணவர் முன்னால் நிற்க, படியில் இறங்கி நின்றார். அரை மணி நேரம் ஏறவில்லை.

முழுக்கால் சட்டையும் கைநீண்ட நீச்சல் சட்டையும் அணிந்து இறங்கும் பெண்கள் அங்கேயும் உண்டு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெயிலுக்கும் அதுதான் நல்லது, ஏனென்றால் நிழல் கிடையாது. பாறை கத்தி போல அறுக்கும். கடல்முள்ளியும் இருக்கும். ரப்பர்க் காலணி கட்டாயம். கூட்டத்தைக் குறைக்க, புளூ லகூனில் கரையிறங்க விரும்புவோர் இணையத்தில் இலவசமாக முன்பதிவு செய்து நேரம் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு 2025இல் வந்தது. ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்ப்பவர்கள் புத்திசாலிகள். செப்டம்பரில் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இல்லாத ஜன்னல், இருக்கும் சுரங்கம்

கடைசிக்கு முந்தைய நாள் கோசோ. மால்டாவின் வடமுனையில் இருக்கும் சிர்கெவ்வாவிலிருந்து வாகனங்களையும் ஏற்றும் பெரிய படகு, ஏறத்தாழ 25 நிமிடத்தில் கொண்டு போய் விடும். போகும்போது காசு கேட்க மாட்டார்கள். திரும்பும்போதுதான் வாங்குவார்கள். தீவிலிருந்து எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும்!

கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸை கலிப்சோ என்ற தேவதை ஏழு ஆண்டுகள் பிடித்து வைத்திருந்த தீவு கோசோதான் என்று உள்ளூரில் சொல்வார்கள். அத்தனை ஆண்டும் அவன் வீட்டில் இருக்கும் மனைவியை நினைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். திருமண நாளுக்குப் பொருத்தமான தீவுதான்.

கோசோவின் மேற்குக் கரையில் இருக்கிறது துவெய்ரா. இங்கே நம்மவர் பலர் ஏமாந்து போவதுண்டு. இணையத்தில் மால்டா என்று தேடினால் வரும், கடலுக்குள் நிற்கும் பிரம்மாண்டமான கல் வளைவு, அஷூர் விண்டோ, இப்போது அங்கே இல்லை. 2017 மார்ச் 8ஆம் தேதி புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. பழைய படத்தைப் போட்டு இன்னமும் விளம்பரம் செய்வோர் இருக்கிறார்கள்.

ஆனால் பக்கத்திலேயே 'உள்நாட்டுக் கடல்' என்ற சிறிய குளம் இருக்கிறது. மலைக்குள் ஓடும் ஏறத்தாழ 80 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாகக் கடல்நீர் அதில் வந்து நிற்கிறது. அமைதியான நாளில் மட்டும் சிறிய படகுகள் அந்தச் சுரங்கம் வழியாகத் திறந்த கடலுக்குப் போய்த் திரும்பும். வெளியே 'காளான் பாறை' என்ற தனித்த குன்று. அதன் உச்சியில் வளரும் ஒரு செடி இரத்தப்போக்கை நிறுத்தும் என்று நம்பி, அந்தக் கால வீரத்துறவிகள் யாரும் ஏறாதபடி காவல் போட்டார்களாம். திருடிப் பிடிபட்டவருக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. பிற்காலத்தில் ஆராய்ந்து பார்த்தபோது, அது காளானும் இல்லை, சொல்லும்படியான மருந்தும் இல்லை.

அன்று காற்று தென்கிழக்கிலிருந்து லேசாக வீசியது. மேற்குக் கரை எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. படகில் அந்தத் தம்பதியருடன் நான்கு பேர்தான். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் இருட்டு, மோட்டார் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. நடுவில் குறுகலான இடத்தில் மனைவி கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று வெளிச்சம். எதிரே தரை தெரியாத கடல்.

படகோட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு, பயமாக இருந்தால் இங்கேயே திரும்பிவிடலாம் என்றார். கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் பாறை வரைக்கும் போகச் சொல்லுங்க" என்றார் அவர்.